சதுரங்கப் பலகையிலே திடீர்த் தாக்குதல்

(பூவரசங்குளத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு. கூட்டத்திலே தொங்கு பலகையில் காட்டியவற்றை வாசகருக்காகச் சொற்களால் விரித்து எழுதியுள்ளோம்.)



சங்கத்துக்கு நான்கு சதுரங்கப் பலகைகளும் இரண்டு போட்டி மணிக்கூடுகளும் வாங்கித் தரவேண்டுமென்று சென்ற செயற்குழுக் கூட்டத்திலே நாம் விண்ணப்பித்தோம். அப்பொழுது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, மற்றவனை ஏமாற்றி விழுத்துகிற விளையாட்டுத்தானே இது? சூதுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். விடை சொல்ல வாயெடுத்தோம், தேநீர் வந்துவிட்டது. விண்ணப்பமும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆகவே இன்று எமக்குத் தந்த அரைமணி நேரத்தை அந்தக் கேள்விக்கே செலவிட எண்ணியுள்ளோம். சதுரங்கத்தில் ஏமாற்று என்று எவரும் சொல்லக்கூடியது ஒன்று உண்டானால், அது திடீர்த் தாக்குதல்தான். எனவே அதனையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

முதலிற் சூதைப் பார்ப்போம். சகுனியின் கையிலே தாயக்கட்டை இருந்தது. தருமர் எவ்வளவு அறிவுடையவராயினும் அந்தக் கட்டை எப்படி விழும் என்பதை அவரால் அறிய முடியாது. சதுரங்கத்தில் கட்டை இல்லை, சீட்டு இல்லை, முதுகுக்குப் பின்னால் மறைத்து வைக்க எதுவுமே இல்லை. அறுபத்து நான்கு கட்டங்களும் முப்பத்திரண்டு காய்களும் இருவர் கண்முன்னும் ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. அசுவத்தாமன் பாண்டவர் பாசறையைத் தாக்கியது திடீர்த் தாக்குதல். ஆனால் அது இரவு. உள்ளே இருந்தவர்கள் உறங்கிக் கிடந்தார்கள். சதுரங்கப் பலகையிலே இரவு என்பது கிடையாது. அங்கே ஒருவன் உறங்கினானாயின் அது அவனுடைய சொந்த உறக்கம்.

சோழநாட்டிலே, திருவாரூர் மாவட்டத்தில், திருப்பூவனூர் என்ற பாடல் பெற்ற தலம் இருக்கிறது. அங்கே எழுந்தருளியுள்ள இறைவனின் திருநாமம் சதுரங்க வல்லபநாதர். அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்தார் என்பது தலபுராணம். பூவரசங்குளத்தார் பூவனூராருடைய விளையாட்டைச் சூதென்று தள்ளிவிடலாமா? இது வேடிக்கைக்குச் சொன்னது. வாதத்தை இதில் நிறுத்தவில்லை.

இனி எம் சொந்தக் கதை. நாம் சதுரங்கம் கற்றது மிஷன் பாடசாலை விடுதியில். அங்கே இருந்த வயோதிபச் சுவாமியார் ஒருவர் இரவுப் படிப்பு முடிந்தபின் பழைய பலகையொன்றைக் கொண்டுவருவார். அதில் ஒரு குதிரை தொலைந்து போனதால் சோடாப் போத்தல் மூடி ஒன்று குதிரையாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் எமக்குச் சொல்லித் தந்த முதற்பாடம் காய் நகர்த்துவது அன்று. "இரண்டு கையையும் வாங்குக்குக் கீழே வை, கண்ணை மட்டும் மேலே வை" என்பதே அது. இந்தப் பாடத்தை மறந்ததன் பலனை ஒரு போட்டியிலே அனுபவித்தோம்.

பாடசாலைகளுக்கிடையிலான போட்டி. எமது குழு அடுத்த சுற்றுக்குப் போவதற்கு எம் பலகையில் வெற்றி வேண்டும். எதிரே இருந்தவள் பதினொரு வயதுச் சிறுமி. காற்சட்டை அணிந்த நாளிலிருந்து விளையாடுகிற எமக்கு அவள் ஒரு பொருட்டா? ஆட்டத்தில் நாமே முன்னின்றோம். எம் இராணி, அரசனுக்கு முன்னால் உள்ள கட்டங்களைக் காத்து நின்றது. தூரத்தில் ஒரு காலாள் தனியே நிற்கக் கண்டு அதைத் தின்பதற்கு அனுப்பினோம். அவளுடைய குதிரை ஒன்று எம் அரசனை நோக்கி ஒரு பாய்ச்சல் வந்தது. அதை நாம் பார்த்தோம், ஆனால் பார்க்கவில்லை. ஏனெனில் அப்பொழுது எம் மனத்தில் ஒரு பெரிய திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. கோட்டையை அரசன் பக்கத்திலிருந்து எடுத்து மறு ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அவளுடைய அரசன்மேல் திடீரென்று இறக்குவது! கோட்டையை எடுத்தோம். அதன்பின் நடந்தது நான்கைந்து நகர்த்தல்கள். அவற்றில் ஒன்றில் அவள் தன் இராணியைக் கொண்டுவந்து எம் கோட்டையின் வாயிலே வைத்தாள். பாவம், குழந்தை தவறிவிட்டது என்று எண்ணியே அதை எடுத்தோம். அடுத்த நகர்த்தலில் ஒற்றைக் குதிரையால் செக்மேற். எம் அரசன் நகர இடமில்லாமல் தன் சொந்தப் படையினரால் நெருக்குண்டு மூலையில் நின்றான். குழு அரைப் புள்ளியால் வெளியேறியது. திரும்பி வந்த பஸ்ஸிலே எவரும் எம்மோடு பேசவில்லை.

அன்றிரவு உறக்கம் வராமல் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தோம். அவள் எதை ஒளித்தாள்? எதையும் ஒளிக்கவில்லை. அவள் குதிரை நின்ற இடம் தெரிந்தது. காவலுக்கு நின்ற இரண்டு காய்களையும் அகற்றியவர் நாமே. நாம் செய்ய நினைத்த திடீர்த் தாக்குதலே அவளுக்குக் கதவைத் திறந்து கொடுத்தது.

வன்னி மண்ணிலே பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. யானை வயலுக்குள் திடீரென்று வந்துவிட்டது என்று காலையில் சொல்லுகிறோம். உண்மையில் அது திடீரென்று வருவதில்லை. முதல்நாள் காட்டோரத்தில் இலத்தி கிடந்திருக்கும், கிளை முறிந்திருக்கும், வேலியில் ஒரு கட்டை சரிந்திருக்கும், நாய் ஒரு திசையைப் பார்த்துக் குரைத்திருக்கும். இவற்றைக் கண்ட அனுபவசாலி அன்றிரவு காவற்கொட்டிலில் விழித்திருப்பார். காணாதவருக்கே அது திடீர்.

பலகையிலும் அப்படியே தடயங்கள் உண்டு. எவராலும் காக்கப்படாது தனித்து நிற்கும் காய் ஒரு தடயம். அரசனும் இராணியும் ஒரே நேர்கோட்டில் அல்லது ஒரே குதிரைப் பாய்ச்சலின் எல்லைக்குள் நிற்பது இன்னொன்று. குதிரை ஒரே நேரத்தில் இருவரையும் கவையிட்டுத் தாக்கும். ஒரு காய் இரண்டு வேலைகளைச் சுமந்து நிற்பது மற்றொன்று. ஒரு வேலைக்கு அதை இழுத்துவிட்டால் மற்றதைக் கைவிட்டே ஆகவேண்டும். ஒரே ஆள் குளத்துத் துருசையும் பார்த்து வயலையும் காவல் செய்வது போல. அரசனைச் சுற்றிக் காற்றுப் புகவும் இடமின்றிச் சொந்தக் காய்களே அடைத்து நிற்பதும் தடயந்தான். அது எமக்கு நேர்ந்தது. இவற்றில் இரண்டு மூன்று ஒருங்கே தென்பட்டால், "இங்கே ஏதோ இருக்கிறது" என்று கையை வாங்குக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கேட்கவேண்டியவை மூன்றே கேள்விகள். எந்த நகர்த்தல் அரசனுக்குச் செக் சொல்லும்? எது காயை வெட்டும்? எது அடுத்த முறை பெரிய இழப்பை உண்டாக்குமென மிரட்டும்? இவற்றை எமக்காக ஒருமுறையும், எதிரிக்காக ஒருமுறையும் கேட்க வேண்டும். இரண்டாவது முறை கேட்பதைத்தான் எம் வயதினர் மறந்துவிடுகிறோம்.

திடீர்த் தாக்குதலுக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு ஒன்றைப் பலகையில் காட்டுவோம். பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்து கபே ஒன்றில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. இரு பக்கத்தாரும் அரசன் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளுகின்றனர். வெள்ளை தன் அரசன் பக்கக் குதிரையை எடுத்து அந்தக் காலாளைத் தாக்குகிறது. கறுப்பு இராணி முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் தள்ளிக் காக்கிறது. வெள்ளை மந்திரி, அதாவது மூலைவாட்டில் ஓடும் காய், கறுப்பு அரசன் அருகேயுள்ள காலாளைக் குறிவைத்து வெளிவருகிறது. கறுப்பு மந்திரியும் வெளிவந்து வெள்ளைக் குதிரையை அதன் பின்னால் நிற்கும் இராணியோடு பிணைத்துவிடுகிறது. குதிரை அசைந்தால் இராணி போய்விடும். வெள்ளை மற்றக் குதிரையையும் எடுக்கிறது. கறுப்பு ஓரத்தில் ஒரு காலாளைத் தள்ளிப் பொழுது போக்குகிறது.

இப்பொழுது பிணைக்கப்பட்ட குதிரையே அசைகிறது! இராணியைப் பற்றிக் கவலைப்படாமல் நடுவேயுள்ள காலாளை வெட்டுகிறது. கறுப்பு மகிழ்ச்சியோடு இராணியை எடுக்கிறது. வெள்ளை மந்திரி, அரசன் அருகேயுள்ள காலாளை வெட்டிச் செக்; அரசன் ஒரு கட்டம் முன்னே வரவேண்டும்; இரண்டாவது குதிரை நடுவிலே பாய்ந்து செக்மேற். இராணியை இழந்தவன் இரு குதிரைகளாலும் ஒரு மந்திரியாலும் வென்றான். கூட்டத்திலே இதைக் காட்டியபோது பின்வரிசையில் இருந்த சிறுவர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் கைதட்டிய சிறுவர்களுக்கு அன்றே இன்னொன்றையும் காட்டினோம். அதே நிலையில், கறுப்பின் இராணிப் பக்கக் குதிரை மட்டும் முன்னரே வெளிவந்து நடுவேயுள்ள காலாளைக் காத்து நிற்கிறது என்று வையுங்கள். வெள்ளை அதே வீரத்தோடு குதிரையைப் பாய்ச்சினால், கறுப்பு இராணியைத் தொடாது. தன் குதிரையால் அந்தக் குதிரையை வெட்டிவிடும். தன் மந்திரிக்கும் அக்குதிரையே காவல். வெள்ளைக்கு ஒரு குதிரை நட்டம், வேறொன்றும் இல்லை. ஒரே ஒரு காய் நிற்குமிடத்தால் வீரம் முட்டாள்தனமாகிவிடுகிறது. திடீர்த் தாக்குதலை மனப்பாடம் செய்து கொண்டு போகிறவன் இங்கேதான் விழுகிறான்.

இந்தக் கலைக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பைச் சிறிது சொல்லவேண்டும். திடீர்த் தாக்குதலுக்குப் பேர்பெற்றவர் லாத்வியா நாட்டு ரீகா நகரில் பிறந்த மிகயில் தால். அவர் 1960 இல் பொட்வின்னிக்கை வென்று தமது இருபத்து மூன்றாம் வயதில் உலக வீரரானார். அந்தப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஒரு குதிரையை எவரும் எதிர்பாராத விதமாகப் பலி கொடுத்தார். மண்டபத்திலே எழுந்த ஆரவாரத்தால் ஆட்டக்காரர் இருவரையும் பின்னறைக்குக் கொண்டுபோய் ஆடச்செய்ய நேர்ந்தது. பின்னர் ஆராய்ந்தவர்கள், பொட்வின்னிக் சரியாக விடையளித்திருந்தால் அந்தப் பலி பலித்திராது என்று காட்டினார்கள். ஆனால் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த விடையைக் கண்டுபிடிப்பது வேறு விஷயம். 1961 இல் நடந்த மறுபோட்டியில் பொட்வின்னிக் பட்டத்தைத் திரும்பப் பெற்றார் என்பதையும் தாலை வணங்குகிற வாலிபர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தத் தாலின் பெயராலே 1972 இல் சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கியது. அதற்குக் காரணமாயிருந்தவர் மனுவல் ஆரோன். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த இவர் 1961 இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆனவர். 1962 இல் ஸ்டொக்ஹோம் நகரில் நடந்த உலகத் தெரிவுப் போட்டியில் ஆரோன் கடைசி இடத்துக்கு வந்தார். ஆனால் அதே போட்டியில் போர்ட்டிஷ், ஊல்மன் ஆகிய இரு பெரும் வீரர்களை வீழ்த்தினார். கடைசியாக வந்தவரிடம் தோற்ற அவ்விருவருக்கும் அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை, பதினொரு வயதுச் சிறுமியிடம் தோற்ற நாம் ஓரளவு ஊகிக்க முடியும்.

அந்தக் கழகத்திலே சிறுவனாக வந்து ஆடியவர்தான் 1969 இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த். தாயாரிடம் ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்றார். கழகத்திலோ மின்னல் வேக ஆட்டம். தோற்றவன் எழுந்து இடம்விட வேண்டும், வென்றவன் இருந்து ஆடலாம். தடயங்களைக் கண் தானாகக் காணும் பழக்கம் அப்படி ஏற்பட்டது. 1988 இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டரானார். 2000 இலும், பின்னர் 2007 முதல் 2013 வரையிலும் உலக வீரராக விளங்கினார்.

ஆனந்தின் ஆட்டங்களில் எம் மனத்தை மிகக் கவர்ந்தது 2013 ஜனவரியில் ஒல்லாந்து நாட்டு விக் ஆன் சே என்ற கடற்கரை ஊரில் ஆர்மீனிய வீரர் அரோனியனோடு ஆடியது. ஆனந்துக்குக் கறுப்புக் காய். அரோனியனுடைய குதிரை ஆனந்தின் அரசனுக்கு முன்னாலிருந்த காலாளை வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டது. நம்மில் எவராயினும் முதல் வேலையாக அந்தக் குதிரையை வெட்டியிருப்போம். ஆனந்த் அதைத் தொடவில்லை. தன் குதிரையை அரோனியனின் அரசன் அருகே பாய்ச்சினார். சில நகர்த்தலின் பின் மந்திரியை வெட்டக்கூடிய இடத்தில் வைத்தார். பதினாறாவது நகர்த்தலில் மற்றக் குதிரையையும் அவ்வாறே வைத்தார். அரோனியன் கோட்டை ஒன்றைத் தின்றார். ஆனந்த் அப்பொழுதும் திருப்பி வெட்டவில்லை. ஒரு காலாளை அமைதியாக இரண்டு கட்டம் தள்ளினார். எம்மைப் பொறுத்தவரை அந்த ஆட்டத்தின் மிகப் பயங்கரமான நகர்த்தல் அதுதான். ஏனெனில் அது எதையும் வெட்டவில்லை, செக்கும் சொல்லவில்லை. இருபத்து மூன்றாவது நகர்த்தலோடு அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பார்த்தவர்கள் இதை மின்னல் என்றார்கள். ஆனால் அது வீட்டிலே முன்னரே ஆராய்ந்து வைத்த வழியொன்றிலிருந்து பிறந்தது. அதுமட்டுமன்று. 1907 இல் லோட்ஸ் நகரில் றூபின்ஸ்டைன் என்பவர் ரொட்லெவிக்கு எதிராக ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தோடு இதனை அறிந்தோர் ஒப்பிட்டார்கள். இரண்டு மந்திரிகளும் குதிரைகளும் அரசனைக் குறிவைத்து நிற்கும் சாயல் ஒன்றே. நூறு ஆண்டுக்கு முந்திய ஆட்டமொன்றைப் படித்திருப்பவனுக்கு, மற்றவருக்குத் திடீராகத் தெரிவது பழைய நண்பனின் முகமாகத் தெரிகிறது.

எல்லாத் திடீர்த் தாக்குதலும் இப்படி ஆரவாரமாக வருவதுமில்லை. 2024 டிசம்பர் 12 ஆம் திகதி சிங்கப்பூரில் நடந்ததை இங்கே பலர் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். சென்னை குகேசுக்கு வயது பதினெட்டு. சீன வீரர் டிங் லிரென் அப்போதைய உலக வீரர். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்து இருவரும் ஆறரைப் புள்ளியில் சமமாக நின்றனர். பதினான்காவது ஆட்டத்திலே காய்கள் பெரும்பாலும் வெட்டுண்டு போய்விட்டன. குகேசுக்கு ஒரு காலாள் மட்டும் அதிகம். ஆட்டம் சமநிலையில் முடியும் என்றே எல்லோரும் நினைத்தனர். ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தன் கோட்டையை, கோட்டைக்குக் கோட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்து வைத்தார். பார்வைக்கு மிகச் சாதுவான நகர்த்தல்.

ஆனால் டிங்கின் மந்திரி பலகையின் மூலைக் கட்டத்திலே நின்றது. கோட்டைகள் வெட்டுண்டதும் குகேஸ் தன் மந்திரியை அதற்கு நேரே நடுவில் வைத்தால், மூலையில் நிற்பது தப்ப வழியில்லை. மந்திரிகளும் மாற்றுண்டு போகும். அப்பொழுது அரசர்களும் காலாட்களுமே மிஞ்ச, ஒரு காலாள் அதிகமுள்ளவன் வென்றுவிடுவான். முதலில் தாமும் அதைக் கவனிக்கவில்லை, வேறொரு நகர்த்தலைச் செய்யவே இருந்தார் என்று குகேஸ் பின்னர் சொன்னார். அந்த ஒரு கணத்தில் கை பலகைக்குப் போயிருந்தால்! போகவில்லை. மறுபடி பார்த்தார். ஐம்பத்தெட்டாவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஏற்றார். பட்டம் ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் சென்னைக்கு வந்தது. இதிலே பலியும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. மூலையில் நின்ற மந்திரி என்ற ஒரே தடயம்.

பலி கொடுப்பதில் ஆசைகொண்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அபிமன்யுவுக்குச் சக்கரவியூகத்தின் உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. காயைக் கொடுக்குமுன், எதிரி அதை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன, இடையில் ஒரு செக் சொன்னால் என்ன என்று மூன்று வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணி முடியாவிட்டால் கொடுக்க வேண்டாம். நாம் இதைச் சொல்லும்போது எம் நண்பர் ஒருவர் சிரிக்கிறார்; சென்ற வாரந்தான் அவரிடம் ஒரு கோட்டையை வீணே கொடுத்துத் தோற்றோம் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

பெரியவரின் கேள்விக்கு எம்மால் இயன்ற விடை இவ்வளவே. மற்றவனை ஏமாற்றப் பழக்குவதற்காக நாம் பலகை கேட்கவில்லை. எம்மூர்ப் பிள்ளைகள் வவுனியா நகருக்குப் போட்டிக்குப் போகிறார்கள். பயிற்றுநர் வைத்துப் பழகிய பிள்ளைகளிடம் பத்து நகர்த்தலுக்குள் செக்மேற் வாங்கித் திரும்புகிறார்கள். சிலர் அதற்குப்பின் பலகையைத் தொடுவதில்லை. எங்களுக்கு அந்த மூளை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அது மூளையின் குறை அன்று. லெகாலின் பொறியை ஒருமுறை பலகையிலே கண்டிராத குறை. அதை நீக்க ஒரு மாலைப்பொழுது போதும். பலகைகள் வரும்வரையில் எம்மிடமுள்ள இரண்டைக் கொண்டு சனிக்கிழமை பின்னேரங்களில் சங்க மண்டபத்தில் தொடங்கியிருக்கிறோம். ஒன்றிலே இன்னும் போத்தல் மூடிதான் குதிரை.

கடைசியாக, அந்தச் சிறுமியிடம் தோற்ற நிலையை எழுதித் தருகிறோம். பத்திகளை இடமிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்றும், வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் எண்ணிக்கொள்ளுங்கள். வெள்ளை: அரசன் ஜி1, இராணி சி4, குதிரை ஜி5, காலாட்கள் எஃப்2, ஜி2, எச்3. கறுப்பு: அரசன் எச்8, இராணி பி2, கோட்டை ஏ8, காலாட்கள் ஜி7, எச்7. கறுப்பு இராணி முன்னர் எஃப்6 இலும் கோட்டை எஃப்8 இலும் நின்றவை. வெள்ளையின் முறை; நான்கு நகர்த்தலில் செக்மேற். கண்டுபிடித்தவர்கள் விடையைத் தாளில் எழுதிச் சனிக்கிழமை கொண்டுவாருங்கள். இராணியை உடனே ஜி8 இல் வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், அரசன் அதை வெட்டிவிட்டால் என்னவாகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதவும்.